மண்ணுக்குச் சீட்டு உண்டு, கைக்கு?

செருப்பு, குடை, தோள்துண்டு, தோடு, கைப்பை. ஃபேஷன் உலகத்தில் இவற்றையெல்லாம் சேர்த்து 'ஆக்சசரீஸ்' என்கிறார்கள். உடைக்கு மேல் கூடுதலாக, விருப்பமிருந்தால் போட்டுக்கொள்ளும் பொருட்கள். நம் ஊர்களில் இந்த விருப்பம் எல்லோருக்கும் வாய்த்ததில்லை. 1930 டிசம்பரில், கோவில்பட்டிக்கு வடக்கேயும் கிழக்கேயும் விரிந்திருந்த அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாயிருந்த ஜே.எச். ஹட்டன் பின்னாளில் சாதியைப் பற்றி எழுதிய நூலில் அந்தப் பட்டியல் இருக்கிறது. தங்க, வெள்ளி நகை கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது, மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. அந்தக் கடைசித் தடையை விட்டால் மற்றதெல்லாம் உடம்பில் எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்பதைப் பற்றித்தான்.

இது பழைய கதை என்று நினைப்பவர்கள் 'அசுரன்' (2019) படத்தில் மாரியம்மாள் செருப்புப் போட்டு நடந்ததற்காக அடிவாங்கி, அந்தச் செருப்பையே தலையில் சுமந்து போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கரிசல்காரரான பூமணியின் 'வெக்கை' நாவலிலிருந்து கிளைத்த படம் அது. அதற்கு முன்பே, 1979இல் வந்த 'பிறகு' நாவலில், செருப்புத் தைத்துப் பிழைக்கும் அழகிரியை மையமாக வைத்துக் கரிசல் ஊர் ஒன்றின் முழுக்கதையையும் சொல்லிவிட்டார் அவர்.

இன்றைய நெல்லை, தூத்துக்குடிப் பள்ளிகளில் ஓர் ஆக்சசரி உண்டு. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு. எந்த நிறம் எந்தச் சாதி என்று எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். 2019இல் பள்ளிக் கல்வித்துறை அதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டதும் எதிர்ப்புக் கிளம்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. மதத்தில் கைவைக்கிறார்கள் என்று அப்போதும் கூச்சல் போட்டார்கள். கயிற்றைப் பற்றி ஒன்று சொல்லலாம்: அது எதையும் மறைப்பதில்லை. நான் பேச வந்திருப்பது மறைக்கும் ஒரு பொருளைப் பற்றி.

அது ஒரு பை. சென்னையில் ஒரு கண்காட்சியில் பார்த்தேன். இளம் வடிவமைப்பாளர்கள், தனியாகச் சிறு அளவில் தொழில் நடத்துகிறவர்கள், 'அறம் சார்ந்த', 'நீடித்த' என்ற சொற்களோடு பையும் தோடும் செருப்பும் விற்கும் இடம். பையில் தொங்கிய சீட்டை முழுக்கப் படித்தேன். தெற்கத்திக் கரிசலில் மழையை மட்டும் நம்பி விளைந்த கருங்கண்ணிப் பருத்தி. கையால் நூற்ற நூல். கைத்தறி. அவுரிச் சாயம். தேங்காய் ஓட்டுப் பொத்தான். சீட்டே மறுசுழற்சித் தாளாம். விலை 2,400 ரூபாய். மண்ணுக்கு ஒரு வரி, மழைக்கு ஒரு வரி, சாயத்துக்கு ஒரு வரி. மனிதர்களுக்கும் ஒரு வரி இருந்தது: 'நம் கைவினைஞர்களின் அன்புக் கரங்களால்'. எந்தக் கை, யாருடைய கை, அந்தக் கைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அன்புக்குள் அடங்கிவிட்டது.

கருங்கண்ணி என்பது எங்கள் ஊர்ப் பருத்தி. இழை குட்டையானது. வேகமாக ஓடும் இன்றைய ஆலை எந்திரத்துக்கு அது தோதுப்படாது. பூச்சியையும் வறட்சியையும் தாங்கும், தண்ணீர் கேட்காது. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய ஆராய்ச்சிப் பண்ணை இந்த நாட்டுப் பருத்தியிலிருந்து ரகம் ரகமாகப் பிரித்தெடுத்தது. நெட்டை இழைப் பருத்தி வந்தது, பிறகு 2002இல் பி.டி. பருத்தி வந்தது, கருங்கண்ணி ஓரத்துக்குப் போனது. அதை மறுபடி விதைக்க வைக்கவும் கையால் நூற்று நெய்து விற்கவும் சிலர் உண்மையாகவே பாடுபட்டார்கள். சென்னையின் 'துலா' போன்ற முயற்சிகளை நான் மதிக்கிறேன். அரசும் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. மஞ்சப்பையோடு பட்டணத்துக்கு வந்தவனைக் கேலிபேசிய அதே பட்டணம் இன்று மஞ்சப்பையை நாகரிகம் என்கிறது. நல்லதுதான். என் சண்டை பருத்தியோடு இல்லை.

இந்தச் சங்கிலியில் யார் யாருக்குப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வடிவமைப்பாளருக்குப் பெயரும் படமும் இருக்கும், அவர் படித்த கல்லூரியும் இருக்கும். நெசவாளிக்குப் படம் இருக்கும், பெயர் சில நேரம் இருக்கும். விவசாயி என்று ஒருவர் நிற்பார், நிலம் வைத்திருப்பவர். அவரும் பணக்காரர் இல்லை, மானாவாரிக் கரிசலில் யாரும் பணக்காரர் ஆனதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் செடியிலிருந்து பருத்தியை எடுத்தது அவர் இல்லை. எடுத்தது பெண்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் தலித் பெண்கள், அவர்களோடு நிலமில்லாத மற்ற சாதிப் பெண்கள். என் அம்மா எடுத்திருக்கிறார். எடுத்த பருத்தியில் ஒரு பங்குதான் கூலி. காய்ந்த சுளையின் நுனி நகக்கண்ணில் குத்தும். "பருத்தி எடுத்துட்டு வந்தா அன்னிக்கு ராத்திரி சோத்துல கைவைக்க முடியாது, உப்பு பட்டா எரியும்" என்பார். பருத்தி முடிந்தால் தீப்பெட்டி ஆபீஸ். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டி ஒட்டுவோம், நானும் ஒட்டியிருக்கிறேன். 'கரிசலின் கதை' என்று பையில் அச்சடிக்கிறவர்களுக்கு இந்தக் கதை மட்டும் எப்படியோ அகப்படுவதில்லை.

2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் உலகம் முழுக்க 'என் உடையைத் தைத்தது யார்?' என்று கேட்கும் இயக்கம் பரவியது. இன்று நாம் 'எதிகல் ஃபேஷன்' என்று சொல்வதன் ஒரு வேர் அங்கே இருக்கிறது. நல்ல கேள்வி. ஆனால் இந்தியாவில் அது பாதிக் கேள்விதான். ஒரு பெண் தாளில் பெயர் எழுதி நெஞ்சுக்கு நேரே பிடித்து 'நான் தைத்தேன்' என்று சிரித்தால் ஐரோப்பாவில் பதில் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். இங்கே அடுத்த கேள்வி பாக்கியிருக்கிறது. தைப்பது ஏன் எப்போதும் அவராகவே இருக்கிறார், வரைவது ஏன் எப்போதும் நீங்களாகவே இருக்கிறீர்கள்? சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே படிபடியாகப் பிரித்து அடுக்குகிறது என்று 1936இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். 'டிசைனர்' மேல்படி, 'ஆர்ட்டிசன்' கீழ்ப்படி. ஆங்கிலத்தில் சொன்னால் வருணம் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் படிக்கட்டைப் புரிந்துகொள்ள என் தாத்தாவின் வேலையைச் சொல்ல வேண்டும். அவர் தோல் தைத்தவர். கரிசல் கிணறுகளுக்கு மோட்டார் வருமுன் கமலைதான் தண்ணீர் இறைத்தது. இரண்டு மாடு, ஒரு வடக்கயிறு, ஒரு வால்கயிறு, ஒரு சால். சாலின் அடியில் நீளமான தோல்குழாய் ஒன்று தைத்திருக்கும், அதுதான் வால். சால் கிணற்றிலிருந்து ஏறும்போது வால்கயிறு அந்தத் தோலின் வாயைச் சாலின் விளிம்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருக்கும், தண்ணீர் கொட்டாது. சால் மேலே வந்து சேரும் நேரத்தில் வால் கீழ் உருளை வழியாக முன்னால் இழுபட்டு, வாய் தானாகத் தாழ்ந்து, தண்ணீர் வாய்க்காலில் பாயும். கவிழ்க்க ஆள் வேண்டாம். மாட்டின் நடை, கிணற்றின் ஆழம், தோலின் நீளம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே விழும். இதைவிடக் கச்சிதமான வடிவமைப்பை நான் எந்தக் கண்காட்சியிலும் பார்த்ததில்லை.

செத்த மாட்டைத் தூக்கி வந்து, உரித்து, ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதமாக்கித் தைத்த தோல் அது. கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியம். ஊரின் வெள்ளாமைத் தண்ணீரெல்லாம் அவர் தைத்த தோல் வழியாகத்தான் போனது. அந்தக் கிணற்றில் இறங்கி அவர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க முடியாது. தோலில் பட்ட தண்ணீர் தீட்டாகவில்லை, தைத்த கை பட்டால் தீட்டு. இந்தத் தர்க்கத்தை எனக்கு யாராவது விளக்கினால் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் குறையும்.

தாத்தாவை யாரும் வடிவமைப்பாளர் என்று சொன்னதில்லை. இந்திய வடிவமைப்புக் கல்விக்கு மூலநூல் போல ஓர் அறிக்கை உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசு கேட்டுக்கொண்டபடி நாடு சுற்றிப் பார்த்து 1958இல் கொடுத்தது. அகமதாபாதில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானதற்கு அதுதான் அடித்தளம். அந்த அறிக்கை இந்தியாவில் தாங்கள் கண்ட பொருட்களிலேயே லோட்டாவைத்தான் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. ஒரு லோட்டாவை வடிவமைப்பதானால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறது. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தலையில் சுமப்பதா இடுப்பில் சுமப்பதா, தூக்கும் கை ஆணுடையதா பெண்ணுடையதா, கைக்கு எப்படி இருக்கும், என்ன விலை. அருமையான கேள்விகள். அந்தப் பாத்திரத்தை யார் தொடலாம், யார் தொட்டால் தேய்த்துக் கழுவி எடுப்பார்கள் என்ற கேள்வி மட்டும் அந்த வரிசையில் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள், தெரிந்திருக்காது என்று விட்டுவிடலாம். அவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டிய நம்மவர்களுக்குத் தெரியாதா? இரட்டைக் குவளை இருந்த நாட்டில், பெயரற்ற கைகள் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய அழகு என்று புகழ்வது யாருக்கு வசதி?

இன்றும் அதே புகழ்ச்சிதான் பையோடு விற்பனைக்கு வருகிறது. 'ஐந்து தலைமுறையாக இந்தக் கலையைக் காத்துவரும் குடும்பம்' என்று படிக்கும்போது உங்களுக்கு உள்ளம் குளிர்கிறதா? எனக்குக் குமட்டுகிறது. ஐந்து தலைமுறையாக ஒரு குடும்பத்தில் யாரும் வேறு வேலைக்குப் போகவில்லை என்றால் ஏன் போகவில்லை என்று கேட்க வேண்டாமா? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைப் பெரியார் குலக்கல்வி என்று சரியாகப் பெயரிட்டு அடித்தார், அடுத்த ஆண்டே காமராசர் அதைக் கைவிட்டார். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்குக் கடன் தருகிறேன் என்று சொல்லி, பரம்பரையாக அந்தத் தொழில் செய்யும் குடும்பமா என்று பார்த்தது. அந்த நிபந்தனையை நீக்கு, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு என்று தமிழ்நாடு கேட்டது, ஒன்றியம் கேட்கவில்லை, 2025இல் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல் தனியாக 'கலைஞர் கைவினைத் திட்டம்' தொடங்கினார்கள். விஸ்வகர்மாவை எதிர்த்துப் பதிவு போட்ட அதே நண்பர்கள்தான் 'பரம்பரைக் கைவினைஞர்' பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அரசு சொன்னால் குலத்தொழில், பூட்டிக் சொன்னால் பாரம்பரியமா?

தாத்தாவின் வேலை செத்துப்போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. பம்புசெட்டுக்கு நான் நன்றியுள்ளவன். அவர் அறிந்த கணக்கு மட்டும் யாரும் எழுதிவைக்காமல் அவரோடு போய்விட்டது. அதை எழுதிவைக்கப் பிறப்பு தேவையில்லை, பாடத்திட்டத்தில் ஒரு பக்கம் போதும்.

இனி தோலுக்கு வருகிறேன், ஏனென்றால் அறம் பேசும் ஃபேஷன் அதிகம் நெளிவது இங்கேதான். தோல் பாவம், 'வீகன் லெதர்' புண்ணியம். கேரளத்தில் தேங்காய்த் தண்ணீரை நொதிக்கவைத்து எடுக்கும் மலாய், கான்பூரில் கோவில் பூக்கழிவிலிருந்து செய்யும் ஒன்று, மெக்சிகோவில் கள்ளி. அறிவியலாக இவை எனக்குப் பிடித்தவை. சந்தையில் 'வீகன்' என்று மலிவாக விற்பதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் பூசிய துணி என்பது தனிக்கதை. தோல் தொழில் யோக்கியமானது என்று நான் சொல்லவில்லை. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் என்ன செய்தன என்பதை உச்ச நீதிமன்றமே 1996இல் வேலூர் வழக்கில் சொல்லிவிட்டது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் தோல்கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். ஆகவே தோலை விடுங்கள் என்று சொல்பவரோடு ஆற்றின் பெயரால், தொழிலாளியின் பெயரால் நான் பேசத் தயார்.

ஆனால் இந்த நாட்டில் தோலின் மீதுள்ள அருவருப்பு ஆற்றிலிருந்து வந்ததில்லை. அது தோல் தொட்டவரின் மீதுள்ள அருவருப்பு. மாட்டின் பெயரால் சட்டம் வரும்போது மாட்டை வளர்த்தவருக்கு முன்னால் அடிவாங்குவது தோலை உரித்தவர். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்களைக் காரில் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்கே எழுந்த பேரணி, மாட்டின் வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலத்தைக் கொடுங்கள் என்றது. 1892இல் பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் எந்தெந்தக் கைக்குப் போனது என்று தேடிக்கொண்டிருக்கும் நமக்கு அந்த முழக்கம் தமிழிலேயே கேட்கும். கையில் 'க்ரூயல்டி ஃப்ரீ' பை வைத்திருப்பவர் அந்தக் கொடுமைக் கணக்கில் உனாவைச் சேர்த்தாரா என்று மட்டும் சொல்லட்டும்.

சேர்த்த ஒருவரைச் சொல்கிறேன். மும்பையைச் சேர்ந்த ஓவியர் சுதீர் ராஜ்பர். 2015இல் மகாராஷ்டிரத்தில் மாட்டிறைச்சித் தடை கடுமையானபோது தாராவியில் தோல் வேலை செய்த தலித்துகளும் முஸ்லிம்களும் பிழைப்பிழந்தார்கள். அவர்களோடு சேர்ந்து, தோலுக்குப் பதில் பழைய டயர்-டியூப் ரப்பரை மறுசுழற்சி செய்து பைகள் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சமார் ஸ்டுடியோ'. வடக்கே அது வசைச்சொல். இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அப்படி அழைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சொல். அதையே பையின் நெற்றியில் எழுதினார். 2024 டிசம்பரில் மயாமி வடிவமைப்புக் கண்காட்சியில் பாடகி ரிஹானா அவர்களுடைய நாற்காலியில் உட்கார்ந்த படம் உலகம் சுற்றியது. மறுசுழற்சி உண்டு, தோல் இல்லை, விலங்கு சாகவில்லை. சூழலியல் சீட்டில் கேட்பதெல்லாம் அந்தப் பையில் இருக்கிறது. கூடவே, மற்றவர்கள் எழுதத் துணியாத ஒரு சொல்லும் இருக்கிறது. வாங்குபவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தன் வீட்டு வரவேற்பறையில் உட்கார வேண்டும். யார் முதலாளி, லாபம் எப்படிப் பிரிகிறது என்ற கேள்விகளை அந்த நிறுவனத்திடமும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவரிடம் கேட்க முடியும், ஏனென்றால் அவர் பேச்சைத் தொடங்கிவைத்திருக்கிறார்.

அதற்கு நேர்மாறு 2025 ஜூனில் நடந்தது. மிலானில் பிராடா நிறுவனம் கோலாப்பூரிச் செருப்பை அப்படியே மேடையேற்றியது. நாடே பொங்கியது. 'நம் பாரம்பரியத்தைத் திருடிவிட்டார்கள்' என்றார்கள். அந்தச் செருப்பைத் தலைமுறைகளாகத் தைத்த சர்மகார் மக்களை 'நம்' என்ற சொல்லுக்குள் அதுவரை யார் சேர்த்தார்கள்? செருப்பு நம்முடையது, தைத்தவர் சேரியில். பிராடா திருடியது ஒருமுறை.

எழுந்து வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது, 'தொழிலாளியின் சாதியை அச்சடிக்கச் சொல்கிறீர்களா?' இல்லை. தன் பெயரைத் தானே எடுத்து நெற்றியில் எழுதுவது ஒன்று, முதலாளி எழுதி விற்பது வேறொன்று. என் அம்மாவின் சாதியைச் சீட்டில் போட்டு 2,400 ரூபாய்ப் பைக்கு இன்னும் 600 ரூபாய் கூட்டுவதற்கு நான் யோசனை சொல்லவில்லை. கூலியை எழுதச் சொல்கிறேன். பருத்தி எடுப்புக்கு எவ்வளவு, நூற்புக்கு எவ்வளவு, தையலுக்கு எவ்வளவு என்று மூன்று எண்கள். வடிவத்தை முடிவு செய்யும் அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் தைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று நான்காவது எண்.

இரண்டாவது, 'நாங்கள் சின்னவர்கள், பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு எங்களிடம் வருகிறீர்களே'. அறம் விற்பவரிடம்தான் அறத்தைப் பற்றிக் கேட்க முடியும். அதோடு, பெரிய நிறுவனங்களை நாம் விட்டுவிடவில்லை, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கரிசலிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் பதின்வயதுப் பெண்கள் நூற்பாலைகளுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மொத்தமாக அனுப்பப்பட்டார்கள். மூன்று ஆண்டு ஆலை விடுதியில் அடைந்து கிடந்து வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை. 2011இல் நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனம் இதை விரிவாக வெளிக்கொண்டுவந்தது. ஏழைகள், பெரும்பாலும் தலித் பெண்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அவர் உறுப்பினராக இருந்த தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் தலித் பெண்கள் தலைமையில் நடப்பது. அந்தச் சங்கம் விடவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டது. பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் வந்தன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று பெயர். பாலினத்தின் பெயரால் மட்டுமல்ல, சாதியின் பெயராலும் நடக்கும் வன்முறைக்கும் பாகுபாட்டுக்கும் எதிராகத் தொழிலாளர்களே தளத்தில் கண்காணித்து முறையிடும் ஏற்பாடு அது.

அதாவது மலிவுத்துணி விற்கும் ஸ்வீடன் கம்பெனியின் ஒப்பந்தத்தில் சாதி என்ற சொல் இருக்கிறது. அறம் விற்கும் நம் ஊர் வடிவமைப்பாளரின் சீட்டில் இல்லை. எச் அண்ட் எம் நல்லெண்ணத்தில் எழுதவில்லை, எழுதவைக்கப்பட்டது; எழுதவைத்தது சங்கம். நான்கு தையல்காரர்களை வைத்து வேலை நடத்தும் சிறு நிறுவனத்தில் சங்கம் இருக்காது. அங்கே 'நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்' என்பார்கள். குடும்பம் என்றதும் எனக்கு அகமணம்தான் நினைவுக்கு வருகிறது, மன்னிக்கவும்.

மூன்றாவது மறுப்பை என் சொந்த வட்டத்திலேயே கேட்டேன். 'தகுதி இருந்தால் அவர்களும் டிசைனர் ஆகலாமே'. என் அக்கா மகள் கோவில்பட்டியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். தீப்பெட்டி லேபிள்களைச் சின்ன வயதிலிருந்து சேர்த்து ஒட்டிவைத்த நோட்டு ஒன்று அவளிடம் இருக்கிறது. கிளி, வாள், தாமரை, ரயில், இரண்டு நிறத்தில் இவ்வளவு சின்னக் கட்டத்துக்குள் எப்படி அடக்கினார்கள் என்று எனக்குப் பாடம் எடுப்பாள். ஃபேஷன் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தனிப் பயிற்சி வகுப்பு வேண்டும், அது மதுரையிலோ சென்னையிலோ இருக்கிறது, கட்டணம் எங்கள் வீட்டின் ஓராண்டு வருமானத்தோடு போட்டிபோடுகிறது. உள்ளே போனாலும் துணியும் கருவியும் கண்காட்சியும் சொந்தச் செலவு. முடித்து வந்து 'இண்டிபெண்டன்ட்' ஆக வேண்டும் என்றால் இரண்டு ஆண்டு வருமானமில்லாமல் உட்கார ஒரு வீடு வேண்டும், முதல் முப்பது பையை வாங்க அம்மாவின் தோழிகள் வேண்டும். சுயாதீனம் என்பதற்கு அப்பா சொத்து என்று இன்னொரு பொருள் இருப்பது அகராதியில் இல்லை. அறம் பேசும் வடிவமைப்பாளர்கள் கைவினைஞர்களுக்குப் 'பயிற்சிப் பட்டறை' நடத்துவதை நிறுத்திவிட்டு, பருத்தி எடுக்கிறவர், தைக்கிறவர் வீட்டுப் பிள்ளை ஒருத்திக்கு வருடம் ஒரு இடத்துக்கான செலவை ஏற்கட்டும். அவள் பிறகு உங்களோடு போட்டிபோட்டு உங்கள் பையைவிட நல்ல பை செய்து உங்கள் வாடிக்கையாளரைப் பிடுங்கட்டும்.

சென்ற மாதம் கருங்கண்ணியைப் பயன்படுத்துவதாகச் சொல்லும் ஆறு சிறு நிறுவனங்களுக்கு அந்த நான்கு எண்களையும் கேட்டு எழுதினேன். இரண்டு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் நூற்பு, நெசவு, தையல் மூன்றுக்கும் கூலியை ஒளிக்காமல் அனுப்பினார், பாராட்டுகிறேன். எடுப்புக் கூலி மட்டும் தெரியாது, அதை விவசாயி பார்த்துக்கொள்வார் என்றார். இன்னொருவர், நேரில் வந்து தெரிந்துகொள்ள ஆசை, எப்போது வரலாம் என்று கேட்டிருக்கிறார்.

மாசியில் எடுப்புத் தொடங்கிவிடும், பங்குனி வரை போகும். கோவில்பட்டியிலிருந்து முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்துக் காலை ஏழு மணிக்குள் வந்துவிட்டால் காட்டில் நிரை பிடித்துப் பெண்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறினால் சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும், அதனால் பத்து, பத்தரைக்கெல்லாம் எடுப்பை நிறுத்திவிட்டு எடை போடப் போய்விடுவார்கள். எடை போடும் இடத்துக்கும் கூடவே போங்கள். படி அங்கேதான் அளக்கிறார்கள்.